ஒன்பதாவது கேள்விக்குக் கூட்டல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில் ‘உங்களுக்கு மனச்சோர்வா?’ என்று கட்டம் கட்டி ஒன்பது கேள்விகள் போட்டிருந்தீர்கள். ‘10-ம் அதற்கு மேலும் வந்தால் உங்களுக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது’ என்பது கடைசி வரி. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைப் பார்த்து ஆளுக்கொரு நோயைச் சூட்டிக்கொள்கிறார்கள்’ என்று எழுதினார். இரண்டையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் இருபத்தேழு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. ஆனால் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு வார்த்தையைத் தாளில் வாங்கிப் பார்ப்பவர்களின் முகம் எப்படி மாறும் என்று தெரியும்.

நீங்கள் போட்டது பிஎச்க்யூ-9 என்ற படிவம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. நல்ல படிவம்தான். 2001-ல் அதைச் சோதித்து வெளியிட்டவர்கள், 10-ஐ எல்லையாக வைத்தால் நோய் உள்ளவர்களில் 88 சதவீதம் பேரை அது பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று கண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு கணக்கு. உங்கள் வாசகர்கள் ஆயிரம் பேர் பேனாவை எடுத்தார்கள், அவர்களில் 50 பேருக்கு நிஜமாகவே இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதில் 44 பேர் அகப்படுவார்கள். மீதி 950 பேரிலும் 114 பேர் அகப்படுவார்கள். ஆக, ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்ற வரியை 158 பேர் படிப்பார்கள். அதில் நோயாளிகள் 44 பேர்தான். எங்கள் கூடத்தில் எச்ஐவி-க்கு முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் அதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டோம். வேறு முறையில் திரும்பப் பார்த்த பிறகுதான் பேச்சே. முதல் சோதனை சலிப்பதற்கு, அவ்வளவுதான்.

அந்த 114 பேரில் ஒருத்தியாக நானும் இருந்திருக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. உடம்பு ஊதியது, பேசுவதற்கு அலுப்பு, எதைப் படித்தாலும் மனசில் நிற்கவில்லை. ஒரு நாள் நடு ராத்திரி போனில் இதே ஒன்பது கேள்விக்கு விடை போட்டேன். 16 வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது. ‘சோம்பேறி இல்லை, நோயாளி’ என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். நான்கு மாதம் அந்தச் சான்றிதழோடு படுத்திருந்தேன். டாக்டரிடம் போகவில்லை. அதுதான் நோய் என்ன என்று தெரிந்துவிட்டதே!

ஒரு நாள் கூடவே வேலை பார்க்கும் பெண், ‘அக்கா, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு, கையை நீட்டுங்க’ என்று ரத்தம் எடுத்தாள். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அளவு 38. சாதாரணமாக அது 4-ஐத் தாண்டாது. இவ்வளவு ஏறினால் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் ஊராருக்கெல்லாம் டிஎஸ்எச் பார்த்துக் கொடுத்தவள், என் ரத்தத்தை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. மாத்திரை ஆரம்பித்தேன், மூன்று நான்கு மாதத்தில் மூட்டம் விலகியது. ரத்தசோகையும் பி12 குறைவும்கூட இதே சோர்வையும் மறதியையும் கொண்டுவரும். உங்கள் ஒன்பது கேள்விகளுக்குப் பின்னால் இவை எதுவும் ஒளிந்திருக்கலாம். படிவத்துக்கு அது தெரியாது.

இதை வைத்து, கேலி செய்த அந்த வாசகர் பக்கம் நான் சேர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறாவது வாரம். குழந்தையோடு மாடிப்படி இறங்கும்போது ‘கையை விட்டுவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு. அப்புறம் கத்தியைப் பார்த்தால் ஒரு நினைப்பு, குளிப்பாட்டத் தண்ணீரைப் பார்த்தால் ஒரு நினைப்பு. பயந்துபோய்க் குழந்தையைத் தொடுவதையே குறைத்துக்கொண்டாள். ராத்திரியில் மட்டும் இருபது தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். ‘பிள்ளை மேல ஒட்டுதலே இல்லை’ என்று வீட்டில் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. தன்னை ஒரு கொலைகாரி என்றே நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம் கிடந்தாள். ஒரு ராத்திரி எதையோ தேடப்போய், வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி, இப்படியும் வரும் என்று படித்திருக்கிறாள். ‘சித்தி, அது என் ஆசை இல்லை, நோயோட வேலைன்னு படிச்சப்பதான் அழுகையே வந்துச்சு’ என்றாள்.

ஓசிடி என்ற வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. அலுவலகத்தில் ‘எனக்கு ஓசிடிப்பா, மேசை நேரா இருக்கணும்’ என்று தினமும் கேட்டதுதான். அதனாலேயே, சுத்தக்காரர்களுக்கு வருவது அது, நமக்கு எப்படி என்று எட்டு மாதம் நினைத்திருக்கிறாள். எல்லோரும் வாயில் போட்டு மென்றால் வார்த்தை சக்கையாகிவிடுகிறது. அந்த அளவில் உங்கள் வாசகரின் எரிச்சல் எனக்கும் புரிகிறது.

முதலில் பார்த்த டாக்டரிடம் ‘எனக்கு ஓசிடி’ என்றாள். அவர் ‘போன்ல பாத்தியாம்மா?’ என்று சிரித்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். அடுத்ததாக மனநல மருத்துவரிடம் போகும்போது நோயின் பெயரையே எடுக்கவில்லை. ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொண்டு போனாள்: எத்தனை மணிக்கு என்ன நினைப்பு, அதைத் தவிர்க்க என்ன செய்தேன், எத்தனை தடவை மூச்சைப் பார்த்தேன். அவர் முழுதும் படித்துவிட்டுக் கேட்டது, அந்த நினைப்பு வரும்போது பயமாக இருக்கிறதா, அல்லது செய்ய வேண்டியதுதான் என்று படுகிறதா? யாராவது கட்டளையிடுவது போலக் குரல் கேட்கிறதா? தூக்கமே தேவைப்படாமல் போகிறதா? காரணம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் அபூர்வமாக வரும் இன்னொரு நோயிலும் குழந்தையைப் பற்றிய நினைப்புகள் வரும். அதில் தாய்க்கு அது தவறாகவே தோன்றாமல் போகலாம். அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசரம் அது. அந்த வித்தியாசத்தைத் தானே பார்த்துச் சொல்ல அக்கா மகளால் முடியாது, என்னாலும் முடியாது. அவளுக்கு மருந்தும், நினைப்பை விரட்டாமல் அதன் எதிரிலேயே நின்று பழகும் பயிற்சியும் கொடுத்தார்கள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

தானே பார்த்துச் சொல்ல முடியாத இன்னொரு நோயும் உண்டு. மனம் அளவுக்கு மீறி எழும்பிப் போகும் பித்து நிலையும் சோர்வும் அதில் மாறி மாறி வரும். பித்தில் இருப்பவருக்கு இதைவிட நன்றாக வாழ்நாளில் இருந்ததே இல்லை என்று தோன்றும். அவர் எந்தப் படிவத்தையும் தேட மாட்டார். சோர்வு வரும்போது மட்டும் தேடுவார், ‘மனச்சோர்வு’ என்று முடிவு கட்டுவார். யாருடைய மாத்திரையையாவது வாங்கிப் போட்டால், மனச்சோர்வு மருந்தே அவரை மறுபடி பித்துக்குள் தள்ளிவிடக்கூடும். கூட இருப்பவர்கள் சொல்வதையும் டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போட்டால், கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ‘இந்தத் தாளையும், எப்போதிலிருந்து இப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற குறிப்பையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள், தைராய்டு, ரத்த அளவு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்’ என்று போடலாம்.

இன்னொன்று. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதையும் மற்ற எட்டோடு சேர்த்துக் கூட்டச் சொல்லியிருந்தீர்கள். மொத்தம் மூன்றே வந்து, அந்த மூன்றும் ஒன்பதாவதில் வந்திருந்தால் உங்கள் கட்டத்தின்படி அவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு மட்டும் கூட்டல் வேண்டாம். பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அன்றைக்கே, தனியாக இருக்காமல், ஒருவரிடம் சொல்லி டாக்டரிடம் போக வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதனைக் கூடப் பணியாளர்

(பெயர் வெளியிட வேண்டாம். அக்கா மகளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ‘பாதிதான் சொல்லியிருக்கீங்க சித்தி, போதும், அனுப்புங்க’ என்றாள்.)