கூண்டுக் கவுதாரியும் செல்போன் சத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில், முன்பு மாதிரி கவுதாரி கத்துவதில்லை. ஏன் என்று கேட்டால் மழை இல்லை, மருந்து அடிக்கிறார்கள், தெருநாய் பெருத்துவிட்டது என்கிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் காட்டுக் கவுதாரியை இழுத்துப் பிடிக்க வைக்கும் பழக்கிய கவுதாரியான பார்வைக் கவுதாரியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டில் போட்டுத் துணி போர்த்தி, விடியற்காலையில் கிளுவை வேலியோரம் வைத்து, சுற்றிலும் கண்ணி நடுகிறார்கள். துணியை எடுத்ததும் அது கத்தும். அங்கே குடியிருக்கும் ஆண் கவுதாரிக்கு, நம் இடத்தில் எவன் வந்து கத்துகிறான் என்று ரோஷம் பொத்துக்கொண்டு வரும், சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் காலைக் கொடுத்துவிடும். பல நேரம் பெட்டையும் பின்னாலேயே வந்து மாட்டும்.

நாலு கவுதாரி பிடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்குச் சொல்கிறேன், இது எதிரில் பறந்ததைச் சுடுவது மாதிரி இல்லை. கூப்பிட்டதும் சண்டைக்கு வருவது அந்த இடத்தில் ஜோடி சேர்ந்து குடியிருக்கும் பறவைதான். தரையில் சின்னக் குழியில் 6 முதல் 8 முட்டை வைக்கும், அதில் கீரிக்கும் நாய்க்கும் காக்கைக்கும் போக மிச்சம் பிழைப்பதே பெரிய பாடு, அந்த நேரத்தில் தாயையும் தகப்பனையும் பிடித்துவிட்டால் அந்த வருஷம் அந்த வேலியில் குஞ்சே இல்லை. கறையானைக் கிளறித் தின்கிற பறவை இது, விவசாயிக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் செய்வதில்லை. நெல் வயல்களில் கொக்குக்கு வைக்கும் பார்வை இதைவிடக் கொடுமை, உயிருள்ள கொக்கின் இமையைத் தைத்துக் கட்டி வைக்கிறார்கள்.

இப்போது கூண்டுகூட வேண்டாம். செல்போனில் கவுதாரிச் சத்தத்தை இறக்கி, ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் போதும். கூண்டுப் பறவையாவது கத்திக் களைக்கும், ஸ்பீக்கர் களைக்காது. கண்ணியில் மாட்டாத பறவையும் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பதிலுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னால் உடனே நரிக்குறவர்கள் மேல் பழி போடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருபவர்கள் எல்லாம் வேலை பார்க்கும் வாலிபர்கள், வயிற்றுப்பாட்டுக்காக வருகிறவர்கள் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் ஆசைகாட்டி இழுப்பதும் வேட்டைதான், 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கொறங்காடு பட்டா நிலம், காப்புக்காடு இல்லை என்பதால் வனத்துறையினர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கண்ணி வைக்கிறவனைப் பிடிப்பது கஷ்டம் என்றால், கவுதாரி வறுவல் இருக்கிறதா என்று கேட்டதும் உள்ளே கூட்டிப்போகிற சாலையோரக் கடைகளில் இருந்து தொடங்கலாம். வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதிவைக்கட்டும், தகவல் சொல்ல ஊருக்குள் ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராபுரம்.