விடுதிப் பணியாளர்களுக்குத் தொழில்சார் ஆங்கிலப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்
தங்கும் விடுதி மற்றும் உணவகப் பணியாளர்கள்,
மாமல்லபுரம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: விடுதி, உணவகப் பணியாளர்களுக்குப் பேச்சு ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகளை நம்பியே எங்கள் குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. 2022இல் செஸ் ஒலிம்பியாட் போட்டிக்காக 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்து போன ஊர் இது.

எங்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்து, அரசுப் பள்ளியில் பத்தாவது அல்லது பன்னிரண்டாவது வரை படித்து ஆங்கிலப் பாடத்திலும் தேறியவர்கள். மெனு கார்டை வாசித்துவிடுவோம்; விருந்தினர் சற்று வேகமாகப் பேசினால் தடுமாறிப் போகிறோம். அறையைக் காலி செய்ய இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்க, 'செக் அவுட்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, உடனே பில்லைப் போட்டு நீட்டிய சம்பவம் உண்டு. ரூம் சர்வீஸ் தொலைபேசியில் எதிரே இருப்பவரின் முகமோ கையசைவோ தெரியாது. அதிலும் பிரெஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலம் ஒரு விதம், ஜெர்மானியர் பேசுவது வேறொரு விதம். இவை சில்லறைச் சங்கடங்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால், வேர்க்கடலை தமக்கு ஒவ்வாது என்று விருந்தினர் சொல்வதைச் சரிவரப் புரிந்துகொள்ளாமல் 'யெஸ் சார், நோ ப்ராப்ளம்' என்று தலையாட்டிவிட்டால், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்பதற்கான வாக்கியம்கூட எங்களில் பலருக்கு வாயில் வருவதில்லை.

எனவே, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வாயிலாகவோ, தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களைக் கொண்டோ எங்களுக்கு மாமல்லபுரத்திலேயே பயிற்சி அளிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இலக்கணப் பாடம் எங்களுக்கு வேண்டாம். அதைப் பள்ளியிலேயே போதுமான அளவு படித்தாயிற்று. ஆர்டர் எடுப்பது, புகாரைக் கேட்டு வருத்தம் தெரிவிப்பது, வழி சொல்வது, தொலைபேசியில் பேசுவது ஆகியவற்றை ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் வகுப்பே தேவை. பிரேக் ஷிப்டில் வேலை செய்வோருக்கு மதிய உணவு நேரம் முடிந்து மாலை வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளியே வசதியானது. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் மாலையில் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்கும் அந்நேரமே பொருந்தும். டிசம்பரில் சீசன் சூடுபிடித்தபின் எவருக்கும் விடுப்புக் கிடைக்காது என்பதால், ஜூலை முதல் செப்டம்பருக்குள் வகுப்புகளை முடித்துத் தந்தால் நல்லது.

வகுப்புக்கு வரும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாதென விடுதி நிர்வாகங்களுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் அனுப்புமாறும் வேண்டுகிறோம். அது இல்லாவிடில், விருப்பம் இருந்தும் பலரால் வர இயலாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விடுதி மற்றும் உணவகப் பணியாளர்கள்,
மாமல்லபுரம்.

இணைப்பு: பணியாளர்களின் கையொப்பப் பட்டியல்.