முதலில் மணலில் பழகுவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிழக்கு மாகாணச் சுற்றுலா பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிப் புறாத்தீவுக்கு அதில் இரண்டே வரி: படகில் போங்கள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீன் பாருங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, போன ஆகஸ்டில் என் அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நடந்ததில் பாதிக்கு நானே பொறுப்பு. அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து ஏழு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தது. கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிட்டன. பெறாமகள் போனில் எதையோ பார்த்துவிட்டு, "சித்தி, இங்க கிட்டத்திலயே சுறா பார்க்கலாமாம்" என்றாள். சரி என்று அடுத்த நாள் காலையிலேயே ஆறு பேரும் வெளிக்கிட்டோம்.

அத்தான் பிறந்து வளர்ந்தது பக்கத்து உப்புவெளியில். இப்போது கையில் கனடாக் கடவுச்சீட்டு என்பதால் நுழைவுக்கு எங்களைவிடப் பல மடங்கு கூடக் கட்டவேண்டி இருந்தது. "நான் நண்டு பிடிச்ச கடலுக்கு எனக்கே வெளிநாட்டு ரிக்கெற்றோ?" என்று படகு ஏறும்வரை முணுமுணுத்தார். வெளிநாட்டுக்காரருக்குக் கூட விலை வைப்பதில் எனக்குக் குறை இல்லை, ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்கு வாடை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க முடியாது. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகுவதற்கு இந்தத் தீவைத்தான் குறிவைத்தார்களாம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. ஏறக்குறைய நூறு வகை முருகைக்கல்லும் (பவளப்பாறை) முந்நூறு வகை மீனும் அந்தச் சின்ன இடத்துக்குள் இருக்கின்றன.

இறங்கியதும் ஆளுக்கொரு கண்ணாடி, குழாய், உயிர்காப்பு அங்கி. எல்லாம் கரையிலேயே வாடகைக்கு எடுத்தவை. எடுத்த இடத்திலும் சரி, படகிலும் சரி, இதை எப்படி மாட்டுவது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிள்ளைகள் கனடாவில் நீச்சல் படித்தவர்கள், மீன்குஞ்சு மாதிரிப் போய்விட்டார்கள். அத்தானுக்குத்தான் மீசை. மீசை இருந்தால் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு முகத்தில் சரியாக ஒட்டாது. தண்ணீர் கசிந்து மூக்கில் ஏறியதும் மனுஷன் பயந்துபோய், எவரும் செய்வதைத்தான் செய்தார்: எழுந்து நின்றார். இடுப்பளவுத் தண்ணீர், காலுக்குக் கீழே மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட முருகைக்கல். அது முறிந்த சத்தம் பக்கத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் பாதத்திலும் வெட்டு. முருகைக்கல் கீறினால் லேசில் ஆறாது. கனடாவுக்குத் திரும்பும்வரை நொண்டிக்கொண்டுதான் திரிந்தார்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் அத்தான் தனியாள் இல்லை. சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் அப்படித்தான் கல்லுக்கு மேல் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போகிறார். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. நீந்தத் தெரியாதவன் வாயில் உப்புத் தண்ணீர் போனால் கால் தானாகவே நிலத்தைத் தேடும். அங்கே நிலம் என்று இருப்பது உயிருள்ள ஒன்று.

அதைப் பார்த்தால் கல் என்றுதான் தோன்றும், பெயரிலும் கல் இருக்கிறது. ஆனால் அதன் மேல்தோல் முழுக்கக் கடுகளவு உயிர்கள். அவற்றின் உடம்புக்குள் வாழும் பாசி சமைத்துக் கொடுப்பதில்தான் அவை பெரும்பாலும் பிழைக்கின்றன, நிறமும் அந்தப் பாசியால் வருவதே. கடல் வழமையைவிட ஒன்றிரண்டு பாகை சூடாகிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், கல் வெளுத்துப்போகும். 2016இல் இந்து சமுத்திரத்தில் பல இடங்களில் அப்படி வெளுத்தது. கிளைவிடும் வகை வருடத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவுக்கு வளரக்கூடும். உருண்டைப் பாறை மாதிரி இருப்பது ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். கடல் சூடாவதை நிலாவெளியில் இருந்துகொண்டு நானும் அத்தானும் நிறுத்த முடியாது. காலை வைக்காமல் இருக்க முடியும்.

சுறாவைப் பார்த்தோமா என்றால், பார்த்தோம். செட்டையின் நுனி கறுப்பாக இருக்கும் வகை, எங்களைக் கண்டதும் விலகிப் போய்விட்டது. ஆனால் என் மனதில் நிற்பது கிளிமீன்தான். கல்லைக் கறுக் கறுக்கென்று கடித்துத் தின்னும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. கடித்த கல் அதன் வயிற்றால் மணலாக வெளியே வருமாம். இதைக் கேட்டபிறகு பெறாமகன் கரை மணலில் இருக்க மறுத்துவிட்டான்.

திரும்பும்போது பெறாமகள் கரையில் கிடந்த செத்த முருகைத் துண்டு ஒன்றைப் பையில் வைத்தாள். படகுக்காரத் தம்பி கண்டுவிட்டு, "தங்கச்சி, அதை எடுக்கேலாது, போட்டுட்டு வாங்கோ" என்றார். துண்டை எடுக்கக்கூடாது என்று தெரிந்த தம்பிக்கு, நிற்கக்கூடாது என்று சொல்லத் தோன்றவில்லையே என்றுதான் யோசித்தேன். ஏறும் முன் ஐந்து நிமிடம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னால் போதும். வாரைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள், ஒட்டி நின்றால் அளவு சரி. தலைமயிர் உள்ளே மாட்டக்கூடாது. குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதுங்கள். பயம் வந்தால் நிற்காமல் மல்லாந்து மிதவுங்கள், அங்கி உங்களைத் தாங்கும். முதுகுக்கு வெயில் கிறீம் அப்புவதைவிடக் கைநீளச் சட்டை போடுவது நல்லது. முருகைக்கல்லுக்கு ஆகாது என்று சில கிறீம்களின் விற்பனையையே ஹவாயில் 2021இல் தடுத்துவிட்டார்கள்.

படகுக்காரர் சொல்லும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிப்போகும் எங்களைப் போன்றவர்கள் முதல் நாள் பின்னேரம் உப்புவெளியில் வெறும் மணல் உள்ள இடத்தில் அரை மணித்தியாலம் பழக்கிவிட்டால் வேலை முடிந்தது. அங்கே எத்தனை தரம் எழுந்து நின்றாலும் ஒன்றும் முறியாது.

அக்கா வருகிற ஆகஸ்டிலும் வருகிறாளாம். மீசையை எடுக்க அத்தான் சம்மதிக்கவில்லை. மீசைக்குக் கொஞ்சம் வாசலீன் பூசினால் தண்ணீர் அவ்வளவாகக் கசியாது என்று அந்தப் படகுக்காரத் தம்பியே பிறகு சொன்னார். ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை.