பிள்ளைக்கு முன் மூன்று மாதம்

ஆசிரியருக்கு,

வன்னியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இளம் தம்பதியர் கூடுதலாகப் பெற வேண்டும் என்ற பேச்சு மேடைகளிலும் கோயில் வீதிகளிலும் அடிக்கடி கேட்கிறது. இவ்வளவு உயிரைப் பறிகொடுத்த மண்ணில் அந்த ஏக்கம் எழுவது எமக்கு விளங்குகிறது. ஆனால் பெறுவதா, எப்போது, எத்தனை என்பது கணவனும் மனைவியும் இருந்து கதைத்து எடுக்க வேண்டிய முடிவு. வேண்டாம் என்பதும் முடிவுதான். கலியாணம் முடிந்த ஆறாம் மாதமே "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தர்களாக (மருத்துவிச்சிகளாக) வேலை செய்த நாங்கள், முடிவெடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில கணக்குகளை மட்டும் எழுதுகிறோம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் எட்டுக் கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள் என்று சொல்வது வழக்கம். அது சரி. ஆனால் பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாட்களில் மூடிவிடும். அதாவது மாதவிடாய் இரண்டு கிழமை பிந்தி, "பயணக் களைப்பாக்கும்" என்று பெண் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அது சரியாக மூடாமல் போவதைப் பெருமளவு தடுக்கும் போலிக் அமிலம் என்ற விற்றமினைப் பதிவுக்குப் பிறகு தொடங்கினால் அந்தப் பயன் கிடைக்காது. கர்ப்பத்தடையை நிறுத்துவதற்கு மூன்று மாதம் முன்னரே தொடங்குவது நல்லது. சாதாரண அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். 1 மில்லிகிராம் குளுசை கிடைத்தால் அதுவும் போதும், பயமில்லை. நீரிழிவு உள்ளவர்கள், வலிப்புக்குக் குளுசை போடுபவர்கள், முன்னர் முள்ளந்தண்டுக் குறையுடன் பிள்ளை பிறந்தவர்கள் ஆகியோருக்கு 5 மில்லிகிராம் தேவைப்படும். அதை வைத்தியர்தான் எழுத வேண்டும்.

அந்த மூன்று மாதத்துக்குள் இரத்தத்தையும் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். இரும்புக் குளுசை போட்டு உடனே தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் சரிவரச் சேராது. ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள், குளுசையைத் தேசிக்காய்த் தண்ணியுடன் போடுங்கள். செங்குழிய அளவைக் காட்டும் எம்.சி.வி. 80க்குக் குறைவாகவோ, அதிலுள்ள ஹீமோகுளோபினைக் காட்டும் எம்.சி.எச். 27க்குக் குறைவாகவோ இருந்தால் அது இரும்புக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைத் தனக்கு வருத்தமில்லாமல் சுமக்கும் காவியாகவும் இருக்கலாம். அப்போது கணவனின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்த மச்சான் மச்சாளைக் கட்டியவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் அது ஏறத்தாழ இரட்டிக்கும். மிச்சம் 94, 95 பிள்ளைகள் சுகமாகப் பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பயத்தில் கலியாணத்தைப் பிரிக்க வேண்டாம்.

இடம்பெயர்வில் தடுப்பூசி அட்டை தொலைந்தவர்கள் இங்கே நிறையப் பேர். கருவைப் பாதிக்கும் ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) நோய்க்கான ஊசி போட்டதா என்று நிச்சயம் இல்லாவிட்டால் இப்போது போடலாம். போட்ட பின் ஒரு மாதம் கரு தங்கக் கூடாது. கரு தங்கிய பிறகு போடவே கூடாது.

வருத்தங்கள் இருப்பவர்கள் விடயத்தில்தான் எமக்கு அதிக கவலை. சின்ன வயதில், இதய வால்வைப் பாதிக்கக்கூடிய வாதக்காய்ச்சல் வந்து, மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் பெனிசிலின் ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டுகிறார்கள். மாமியார் வீட்டுக்கு அது தெரியவும் வராது. அவர்கள் இதய எக்கோ ஸ்கான் பார்த்து, வைத்தியர் சம்மதித்த பிறகே கர்ப்பத்தடையை நிறுத்த வேண்டும். இலங்கையில் தாய்மார் இறப்பதற்கான முன்னணிக் காரணங்களில் இதய நோயும் ஒன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வர வேண்டும். 10க்கு மேலே நிற்கும்போது கரு தங்கினால் பிள்ளையின் இதயமே பிழையாக உருவாகலாம். பிரஷருக்கு எனலபிரில், லோசார்டன் போடுபவர்களுக்கும் வலிப்புக்கு சோடியம் வல்புரோவேட் போடுபவர்களுக்கும் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். தாங்களாக நிறுத்தக் கூடாது: வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் வருகிற வலிப்பு உயிரையே எடுக்கும்.

எங்கட இடத்துக்கே உரிய ஒன்று, போரில் பட்ட எறிகணை (செல்) துண்டுகளோடு வாழ்பவர்கள். வெளியே தழும்பு ஆறியிருந்தாலும், வயிற்றில் காயம்பட்டுச் சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்குச் சூலகக் குழாய்கள் ஒட்டிப்போயிருக்கக் கூடும். அதனால் கரு தங்கப் பிந்தலாம். தங்கினாலும் குழாயிலேயே தங்கிவிடலாம். இவர்கள் மாதவிடாய் தள்ளியதும் சோதித்து, ஆறு ஏழு கிழமையில் ஸ்கான் எடுத்து, கரு கருப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, தலைசுற்றி மயக்கம், தோள்மூட்டில் நோ வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். முள்ளந்தண்டுக்குக் கிட்டத் துண்டு இருந்தால், முதுகில் விறைப்பூசி போட வேண்டி வருவதற்கு வெகு முன்னரே மயக்கமருந்து வைத்தியருக்குத் தெரிய வேண்டும். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னரும் சொல்லுங்கள். முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்களும் தாயாகலாம். முடியாது என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்தால் முறையாகத் தள்ளிப்போடுங்கள். கணவன் "கவனமாக" இருப்பதை மட்டும் நம்பினால் நூறு தம்பதியரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைப்பது இங்கே சட்டப்படி குற்றம். அதனால் நடக்கும் இரகசிய வேலைகள் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கருப்பையில் வைக்கும் லூப், கையில் தோலுக்குக் கீழே வைக்கும் ஜடெல் ஆகியவற்றை எடுத்ததும் கரு தங்கும் தன்மை உடனே திரும்பும். குளுசையிலும் அதிகம் பிந்தாது. மூன்று மாத ஊசி அப்படியல்ல. கடைசி ஊசியிலிருந்து கரு தங்கச் சராசரியாகப் பத்து மாதம் எடுக்கும், சிலருக்கு அதற்கும் கூட. அது மலட்டுத்தன்மை இல்லை. அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே ஊசியிலிருந்து வேறு முறைக்கு மாறலாம்.

வயதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முப்பதுக்குக் கீழே மாதத்துக்கு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்றிருக்கும் வாய்ப்பு 35க்குப் பிறகு விரைவாகக் குறைந்து, நாற்பதில் இருபதில் ஒன்றாகிவிடும். கணவன் வெளிநாட்டில், ஸ்பொன்சர் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய நாளை முதலாம் நாளாக வைத்து, உங்கள் வழக்கமான சுற்றின் நாட்களில் 14ஐக் கழியுங்கள்: 28 நாள் என்றால் 14ஆம் நாள், 35 என்றால் 21ஆம் நாள். அந்த நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கரு தங்கும் நாட்கள். கொழும்பில் வேலை செய்து மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்துபோகும் கணவனுக்கு அந்த நாட்கள் பல மாதம் தவறிவிடும். அப்படிப் போன வருடத்தை "ஒரு வருடமாகத் தங்கவில்லை" என்று எண்ணக் கூடாது. சேர்ந்திருந்து ஒரு வருடம், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம், அதன் பிறகே சோதனை.

சோதனையில் முதல் ஆள் கணவன். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது, ஆனால் கோயில் கோயிலாகவும் பரிசோதனைக்கூடமாகவும் அலைய விடுவது பெண்ணை. விந்துச் சோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு தவிர்த்திருக்க வேண்டும். மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூட்டில், கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனால் முடிவு பிழைத்துவிடும், கூடத்திலேயே எடுங்கள். ஆணுறையில் எடுக்க வேண்டாம், அதன் பூச்சு விந்தணுவைக் கொல்லும். விந்தணு உருவாக ஏறத்தாழ மூன்று மாதம் எடுப்பதால், கடும் காய்ச்சலுக்குப் பிறகு வரும் ஒரு குறைந்த முடிவை வைத்து மனமுடையாமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். அந்த மூன்று மாதமும் சிகரெட்டையும் கசிப்பையும் விடுங்கள். வயலுக்கு மருந்தடித்த உடுப்போடு வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே கழற்றிக் குளியுங்கள்.

கடைசியாகக் காலம். காலபோக வெட்டு முடிந்து காசு கையில் வரும் மாசி, பங்குனியில் பலர் "இனிப் பார்ப்பம்" என்று தொடங்குகிறார்கள். கடைசி மாதவிடாய் பெப்ரவரி 15 என்றால் பிள்ளைப்பேற்று நாள் நவம்பர் 22, நடு மாரி. 2018 டிசெம்பரில் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் எப்படி மூடியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் நாள் வைத்திருக்கும் தாய் இரண்டு கிழமை முன்னரே வைத்தியசாலைக்குக் கிட்டவுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. முன்னர் சிசேரியன் நடந்தவர்களுக்கு இது கட்டாயம்.

சுகாதாரத் திணைக்களத்திடம் எமது வேண்டுகோள் இரண்டு. வயலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிற தம்பதியர் இருவரும் சேர்ந்து வரக்கூடியதாக, கர்ப்பத்துக்கு முந்திய கிளினிக்கை மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது பின்னேரம் வையுங்கள். விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வருகிற சோடிக்கு, அந்தப் பகுதி குடும்பநல உத்தியோகத்தரின் கிளினிக் நாளும் இடமும் எழுதிய ஒரு துண்டு கிடைக்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்கள் சிலர்,
கிளிநொச்சி.