சீழ்க்கட்டி பற்றி, தொண்டிக்கு

அன்புள்ள பாத்திமா,

கடிதம் கிடைத்தது. தொண்டியில் வெயிலைவிட நல்ல தண்ணீர்தான் பாடாய்ப்படுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே மண்டபத்திலும் அதே கதை.

நீ கேட்ட பார்தோலின் கட்டி விஷயத்துக்கு வருகிறேன், அதாவது பெண்ணுறுப்பு வாசலின் இரு பக்கமும் இருக்கும் சுரப்பி அடைத்து வரும் கட்டி. கீறி, சீழைப் பிதுக்கி, துணி திணித்து அனுப்புகிறார்களே, அங்கேதான் தப்பு. சில நாளில் கீறிய வாய் ஒட்டிக்கொள்ளும். கட்டி திரும்ப வரும். சீழை எடுப்பது பாதி வேலை. புது வாய் தோல் பிடிக்கும்வரை மூடாமல் காப்பதுதான் வைத்தியம்.

முதலில் இடத்தைப் பார். பெண்ணுறுப்பு வாசலைக் கடிகார முகமாக நினைத்தால் 4 மணி, 8 மணி இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் பார்தோலின். மூத்திரத் துவாரத்தை ஒட்டியிருந்தால் ஸ்கீன் சுரப்பி. அதைக் கீறாதே, மேலே அனுப்பு. வலியில்லாத சின்ன நீர்க்கட்டியைத் தொடவே வேண்டாம். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் மட்டும் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புற்று அரிது என்றாலும்.

சீழ் வைத்தால் உட்காரவே முடியாது, காலை அகட்டித்தான் நடந்து வருவார்கள். இன்னும் கல்லாக இருந்தால் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான நீரில் உட்காரச் சொல், பழுக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி வருபவர்களைத் திட்டாதே, ஆனால் சுண்ணாம்பு அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும் என்று சொல்லிவிடு.

விரலால் அழுத்தித் தளதளத்தால் மேல்தோலில் மரத்துப்போக 1% லிக்னோகெய்ன் 2 மில்லி போட்டு, 11-ஆம் எண் பிளேடால் 5 மில்லிமீட்டர் குத்து. உள்பக்கம், கன்னித்திரை வளையத்துக்குச் சற்று வெளியே. வெளித்தோலில் கீறாதே, தழும்பு நிற்கும். கீறல் பெரிதானால் அடுத்து வைக்கும் குழாயின் பலூன் நழுவிவிடும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இடுக்கியை உள்ளே விட்டு விரித்து சீழ் அறைகளை உடைத்துவிட்டு, நுனியில் பலூன் உள்ள சின்னக் குழாயான வேர்ட் கதீட்டரை வைத்து, பலூனில் 2–3 மில்லி சலைன் ஏற்று. காற்று வேண்டாம், கசிந்துவிடும். வலித்தால் அரை மில்லி இழுத்துவிடு. அந்தக் கதீட்டர் உன் ஸ்டோரில் இருக்காது. குழந்தைகளுக்கான 8 சைஸ் ஃபோலி, அதான் பலூன் வைத்த மூத்திரக் குழாய், போதும். வெளியே தொங்குவதை வெட்டாதே, பலூன் வடிந்துவிடும். மடித்துத் தொடையில் ஒட்டு. 4 முதல் 6 வாரம் இருக்க வேண்டும்.

சுற்றிலும் சிவந்து பரவினாலோ, காய்ச்சல், சர்க்கரை, கர்ப்பம் இருந்தாலோதான் ஆன்டிபயாடிக். சர்க்கரைக்காரியின் தோல் கறுத்தாலோ, தொட்டால் நறநறத்தாலோ, வலி அளவுக்கு மீறினாலோ தாமதிக்காதே, அன்றே பெரியாஸ்பத்திரி.

பாசி எடுக்கும் பெண்களிடம் 'கடலுக்குப் போகாதே' என்றால் கூலியை யார் கொடுப்பது? சீழைத் தள்ளிப்போட முடியாது. திரும்பத் திரும்ப வரும் நீர்க்கட்டிக்கு, வாயை விரித்து ஓரத்தைத் தைக்கும் மார்சுபியலைசேஷனை ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவை. தேதி சொன்னால் வருவார்கள்.

ஃபோலி இரண்டு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மலர்