ஆண்டறிக்கை: குழாய் வாயை மட்டும் பாத்தா பத்தாது

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும் மகளிர் குழு அக்காங்களுக்கும் வணக்கம். கடலூர் முதுநகர் சுத்துவட்டார கடலோர ஊருங்க சேந்து நடத்துற நம்ம சங்கத்தோட இந்த வருஷ அறிக்கை இது. மாசக் கூட்டம் நடந்துச்சு, மழைக்கு முன்னாடி வாய்க்கால் தூர் வாருனோம், கணக்க பொருளாளர் தனியா வைப்பாரு. அதுலல்லாம் நான் நேரம் எடுத்துக்கல, ஏன்னா இந்த வருஷம் நாம அதிகமா அலைஞ்சது தண்ணிக்காகத்தான்.

நம்ம ஊர் வழியா கடலுக்குப் போற உப்பனாத்துல மீன் செத்து மிதந்தா நாம உடனே தேடுறது ஆலைக் கழிவு விடுற குழாய, எங்க விடுறாங்க எப்ப விடுறாங்கன்னு. அது தேவைதான், விட்டுடக் கூடாது. ஆனா குழாயே இல்லாம கடலுக்குப் போற வழி ஒண்ணு நம்ம காலுக்கடியில இருக்கு. மண்ணுல கொட்டுனது, கசியுற தொட்டியில இருந்து இறங்குனது, குழி வெட்டிப் பொதச்சது எல்லாம் மழையோட இறங்கி நிலத்தடி தண்ணில கலந்துடுது, அந்தத் தண்ணி மேட்டுல இருந்து கடல் பக்கமா மணலுக்குள்ளயே மெதுவா நகந்து ஆத்தடியிலயும் கடலடியிலயும் ஊறி வெளிய வருது. புவியியல் புத்தகத்துல கடலூர் மணற்பாறைன்னு நம்ம ஊர் பேர்லயே ஒரு பாறை இருக்கு, நெய்வேலி சுரங்கத்துல ராப்பகலா தண்ணி இறைக்க வைக்கறதும் அதுதான், அவ்வளவு தண்ணி தாங்குற பாறை.

தேவனாம்பட்டினம் கரையில நம்ம பசங்க கடல் வத்துன நேரமாப் பாத்து அலை தொடற எடத்துக்குக் கொஞ்சம் மேல கையாலயே ஊத்து தோண்டுனாங்க, ஊறி வந்த தண்ணில சின்ன டிடிஎஸ் மீட்டர வச்சுப் பாத்தா கடல் தண்ணிய விட உப்பு நல்லாவே கம்மி, அதாவது நிலத்தடித் தண்ணி அங்க ஊறிக் கலக்குது. கரைவலை இழுக்குற பெரியவங்களுக்கு இது புதுசே இல்ல, தாகத்துக்கு ஊத்து தோண்டிக் குடிச்சவங்கதான் அவங்க. ஆனா ஒண்ணு, அந்த மீட்டர் கரைஞ்ச உப்ப மட்டுந்தான் காட்டும், பாதரசமா ஆர்சனிக்கா, ஆலைங்க கரைக்கப் பயன்படுத்துற சால்வென்ட்டான்னு சொல்லாது, அதுக்கு லேப்தான் வேணும்.

1996ல வில்லர்டு மூர்ன்ற அமெரிக்க விஞ்ஞானி அவங்க தென்கிழக்குக் கரையோரக் கடல்ல, நிலத்தடித் தண்ணியோட வந்து சேர்ற ரேடியத்த அளந்து, அங்க ஆறுங்க கொண்டு வர்ற தண்ணில சுமார் 40 சதவீதத்துக்கு சமமா நிலத்தடியில இருந்தே கடலுக்கு வருதுன்னு எழுதுனாரு, மணலுக்குள்ள போயி திரும்பி வர்ற கடல் தண்ணியும் அதுல சேத்தி. ஹவாய்ல மௌயி தீவுல கழிவுநீர் நிலையம் ஒண்ணு தண்ணிய கடல்ல விடாம ஆழக் கிணத்துல இறக்கிட்டு இருந்துச்சு, 2011ல அந்தக் கிணத்துல சாயம் கலந்து விட்டுப் பாத்தாங்க, 84 நாள்ல சாயம் கடலடியில வந்து எட்டிப் பாத்துச்சு. கேஸ் அங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, நேரா கடல்ல விட்டதுக்கு சமம்னு ஆச்சுன்னா பெர்மிட் வாங்கித்தான் ஆகணும்னு 2020ல தீர்ப்பு வந்துச்சு. நமக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், நம்ம 1974 தண்ணீர் சட்டத்துல 2(ஜே) பிரிவுல நீரோடைன்னா ஆறு, கடல் மட்டுமில்ல நிலத்தடி நீரும் சேத்தின்னு எழுதியே இருக்கு. 24வது பிரிவு கிணத்துலயும் நிலத்துலயும் தெரிஞ்சே விஷத்த விடக்கூடாதுங்குது. இத எல்லாரும் மனப்பாடமா வச்சுக்கங்க, மனு எழுதறப்ப உதவும்.

மனு குடுக்கப் போன ஒரு ஆபீஸ்ல, வெளியேத்துற வாயில சாம்பிள் எடுத்தோம், அளவுக்குள்ளதான் இருக்குன்னு பேப்பர நீட்டுனாங்க. சரி சார், நடுவுல இருக்குற மண்ணுக்கும் கிணத்துக்கும் பேப்பர் எங்கன்னு கேட்டோம். பதில் இல்ல. எனக்கு மனசு ஆறல.

அக்காங்க வீட்டு வீடா போர் தண்ணிய நோட்டு போட்டு எழுதிட்டு வர்றாங்க, நெறம், வாடை, ராத்திரி குடத்துல புடிச்சு வச்சா காலைல ஏடு படியுதான்னு. மஞ்சளா படிஞ்சா அது வெறும் இரும்பாவும் இருக்கலாம், பாத்த உடனே பயந்துடாதீங்க. அதே சமயம் தெளிவா இருக்கேன்னு நம்பியும் குடிக்காதீங்க, ஆர்சனிக் கலந்தாலும் தண்ணி பளிங்காத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, இந்த வழி மெதுவானது. இன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்துனாலும் முன்ன இறங்குனது வருஷக்கணக்கா வந்துட்டே இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில நிலத்தடி மட்டம் ஏறுனா கடலுக்குத் தள்ளுறது கூடும், கோடையில நாம ஓயாம போர் போட்டு இறைச்சா கடல் தண்ணி உள்ள வரும். அதனால ஒரே ஒரு தடவ எடுத்த சாம்பிள வச்சு எதையும் முடிவு கட்ட முடியாது.

ஆகவே பொதுக்குழு முன்னாடி இந்தத் தீர்மானத்த வைக்கறேன்: தொழிற்பேட்டைல இருந்து உப்பனாத்தங்கரை வரைக்கும், அங்கேந்து கடற்கரை வரைக்கும் வரிசையா சோதனைக் கிணறு போட்டு மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்ணி எடுக்கணும். சேத்துலயே கெடக்குற மட்டி, நண்டையும் லேப்புக்கு அனுப்பணும். ரிசல்ட்ட பஞ்சாயத்து போர்டுல தமிழ்ல ஒட்டணும். யார் மேலயும் முன்கூட்டியே பழி போடல, அளந்து காட்டுங்கன்னுதான் கேக்கறோம். கை தூக்கி ஆதரவு தெரிவிச்சா நாளைக்கே டைப் பண்ணி கையெழுத்துக்கு வீடு வீடா கொண்டு வரேன்.

இப்படிக்கு,
செயலாளர்