பத்தையும் முதலில் அளந்து பார்

மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரித்தார்கள். தங்கச்சி கல்யாணப் பத்திரிகை இன்னும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சார்ஜர் போர்டுக்கு 2என்2646 யூஜேடி (பல்ஸ் தரும் யூனிஜங்ஷன் டிரான்சிஸ்டர்) பத்து கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து போலியாக இருக்குமோ என்று மனசு சரியில்லை. சால்டரிங் அயர்னைத் தொடாதே. மூடியில் எழுத்து பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சாதா டிரான்சிஸ்டரான 2என்2222-வும் அதே டிஓ-18 உலோக மூடியில்தான் வருகிறது. எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு நம்பர் அடிப்பது சுலபம்.

மீட்டரை ஓம்ஸில் வை. பேஸ்-1, பேஸ்-2 நடுவே 4.7 முதல் 9.1 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். முனையை மாற்றி வைத்தாலும் அதே அளவு வர வேண்டும். எமிட்டரிலிருந்து இரண்டு பேஸுக்கும் டையோடு மாதிரி ஒரு திசையில்தான் கடத்தும். சாதா டிரான்சிஸ்டரில் எந்த இரண்டு காலைப் பிடித்தாலும் இப்படி இருபுறமும் சமமாக வராது.

ஒன்றும் தேறவில்லையா, அலைவதை விடு. யூஜேடிக்குப் பதிலாக பிசி557 (பிஎன்பி டிரான்சிஸ்டர்) ஒன்று, பிசி547 (என்பிஎன்) ஒன்று போதும். 557 பேஸை 547 கலெக்டரோடும், 557 கலெக்டரை 547 பேஸோடும் சேர். 557 எமிட்டர் டைமிங் கெப்பாசிட்டருக்கு, 547 எமிட்டர் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு. 557 பேஸிலிருந்து ப்ளஸுக்கு 10 கிலோ ஓம், மைனஸுக்கு 15 கிலோ ஓம். 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6, சப்ளை வோல்ட்டேஜில் எத்தனை பங்கு வந்ததும் பாயும் என்ற அசலின் விகிதமும் 0.56-லிருந்து 0.75 வரைதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சப்ளையைக் கட்டுப்படுத்தும் உன் ஜீனர் டையோடு 20 வோல்ட், அதனால் 557 பேஸில் 12 வோல்ட் நிற்கும். கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது அது எமிட்டர்-பேஸில் தலைகீழாக விழும். அந்தச் சந்தி 5 வோல்ட்தான் தாங்கும். எமிட்டருக்கு முன்னால் ஒரு 1என்4148 டையோடு கட்டாயம் போடு.

அசல் யூஜேடி 4 மில்லி ஆம்பியருக்குக் கீழே தானாக விடுபட்டு, பல்ஸ் மேல் பல்ஸாகத் தரும். இந்த ஜோடி சொற்பக் கரண்டிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். அரைச் சுற்று முடிந்து வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் விடும், ஆகவே ஜீனருக்கு இணையாக ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது. அரைச் சுற்றுக்கு ஒரே பல்ஸ். ஏசி பேட்டரி வோல்ட்டேஜைத் தாண்டும் முன்பே அது வந்துவிட்டால், பல்ஸ் கிடைத்ததும் பேட்டரிக்குக் கரண்ட் விடும் எஸ்சிஆர் ஆன் ஆகாது, அந்தச் சுற்று வீண். தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூமோடு (திருகு ரெசிஸ்டர்) தொடராக 22 கிலோ ஓம் போட்டால், 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்கு 2 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் கிடைக்கும். போதவில்லை என்றால் 33 போடு.

பத்தையும் அளந்து ஒவ்வொன்றின் ஓம்ஸையும் எழுது. அசல் தேறினால் இரண்டை எனக்கு எடுத்து வை.

உன் மச்சான்